கார் முனகியது, நான் கேட்கவில்லை!

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அம்மாவின் நட்சத்திரப் பிறந்த நாளுக்கு நடராஜரைத் தரிசிக்கக் காரில் கிளம்பினோம்.

சாவியைத் திருப்பியதும் கார், மூட்டுவலிக்காரி தரையிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி முனகிவிட்டுத்தான் புறப்பட்டது. "என்னங்க, ஒரு வாரமாவே இப்படித்தானே?" என்றேன். "போயிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றார் இவர். நானும் விட்டுவிட்டேன்.

தரிசனம் திவ்யமாக ஆயிற்று. நடை சாத்தும் நேரம் கீழவீதிக்கு வந்து காரில் ஏறினால், 'டிக், டிக்' என்ற சப்தம் மட்டும்தான்! வெயிலோ கொளுத்துகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டவர், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. அர்ச்சனைத் தட்டிலிருந்த கல்கண்டை மென்று தின்ன வைத்தேன். கால் மணியில் தெளிந்தார். பிறகு ஆட்டோவில் அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தோம்.

மெக்கானிக் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிற பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டுமாம். எங்களுடையது 11.8! "நாலு வருஷ பேட்டரிம்மா. முன்னாடியே சொல்லியிருக்குமே!" என்றார்.

சொல்லத்தான் சொல்லியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போது முனகல். வண்டி நிற்கையில் விளக்கு மங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிரகாசிப்பது. முனைகளில் உப்புப் பூத்தாற்போல் வெள்ளைப் பொடி. இவை எல்லாம் இருந்தன. பேட்டரி உப்பினாலோ, அழுகின முட்டை நாற்றம் வந்தாலோ கிட்டே நெருப்பு கொண்டு போகாமல் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமாம். நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு ஆயுசும் குறைவு. மூன்று வருஷம் ஆனதும் சோதிப்பது நல்லது. புதிது மாற்றும்போது, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு மறக்காமல் டிஸ்டில்டு வாட்டர் பார்க்கிற எனக்கு, கார் பேட்டரி ஆண்கள் சமாசாரம் என்ற நினைப்பு. சகோதரிகளே, காரில் ஏறப்போவது நம் அம்மாவும் குழந்தைகளும்தானே! முனகல் கேட்டால் அன்றைக்கே கவனியுங்கள். கைப்பையில் கொஞ்சம் கல்கண்டும் இருக்கட்டும்.