மேசையே எந்திரம்

ஆய்வேடுகளின் நன்றியுரையில் நெறியாளர் உண்டு, நூலகர் உண்டு, நள்ளிரவில் தேநீர் வாங்கித் தந்த நண்பரும் உண்டு. மேசைக்கு அங்கே இடமில்லை. தில்லி ஜன்பத் சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படிப்பறையில் பழைய கோப்பைப் புரட்டும் ஆய்வாளர், சில தாள்களின்மேல் வெண்திரைபோல் படிந்திருக்கும் மெல்லிழைத்தாளைக் கண்டிருப்பார். அதன் ஊடாகவே எழுத்தைப் படித்திருப்பார். அத்தாள் தம் கைக்கு வருமுன் யாரோ ஒருவரின் மேசைமேல் ஈரமாய்க் கிடந்தது என்பதை அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1891இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்று, லட்யன்ஸ் வடிவமைத்து 1926இல் கட்டி முடிக்கப்பட்ட தில்லிக் கட்டடத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்த நிறுவனம் இது. நொறுங்கும் தாளுக்குச் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தால் வலுவூட்டும் முறையை அமெரிக்காவில் 1930களில் வளர்த்தவர் வில்லியம் பாரோ. அதற்கு வெப்பமும் அழுத்தமும் தரும் எந்திரம் தேவை. தில்லிக் காப்பகத்தினர் 1950களில் வேறொரு வழி கண்டனர். தாளின்மேல் படலம், படலத்தின்மேல் இழைத்தாள். அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் ஒற்றினால் படலம் இளகித் தாளோடு இணைந்துவிடும். எந்திரம் வேண்டா, வெப்பமும் வேண்டா. கண்ணாடி பரப்பிய சமதள மேசை ஒன்று போதும். காலப்போக்கில் அசிட்டேட் சிதைகிறது, ஒட்டியதைப் பிரிப்பதும் கடினம் என்பதால் இம்முறை பிற்காலத்தில் மதிப்பிழந்தது. மேசை மதிப்பிழக்கவில்லை.

முனிர்காவில் பத்துக்குப் பத்தடி வாடகை அறையில் வாழும் ஆய்வு மாணவி ஒருத்திக்கு அத்தகைய மேசை தேவைப்பட்டது. பள்ளி ஆசிரியராய் இருந்த பாட்டனார் தம் ஊர்ப்புறத்து உழவுச் சொற்களைத் தொகுத்து வைத்த குறிப்பேடுகள் அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. அச்சொற்களுட் சில எந்த அகராதியிலும் ஏறாதவை. தாள்களோ விரல் பட்டால் உதிர்பவை. அறையில் இன்னொரு மேசைக்கு இடமில்லை. ஆகவே பசை வேலை, அட்டை வெட்டுதல், துளையிடுதல், தைத்தல் அனைத்தும் ஒன்றின்மேலேயே நடந்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். சுவர்த்தாள் ஒட்டுவோர் பயன்படுத்தும் மடக்கு மேசை நீளமானது, ஒடுக்கமானது, இலேசானது. 53 செ.மீ. அகலச் சுருளை விரித்துப் பசை தடவ அது போதும். சுத்தியலால் ஓரடி அடித்தால் ஆடிவிடும். தச்சரின் பட்டறை மேசை அடிதாங்கும். ஆனால் எண்ணெயும் இரும்புத் துகளும் ஊறிய அதன் பரப்பில் ஈரத்தாளை வைத்தால் துருப்புள்ளி விழும். எடை கூட்டினால் உறுதி வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். மேசை பெரும்பாலும் தளர்வது எடைக் குறைவால் அன்று, பக்கவாட்டு ஆட்டத்தால். நான்கு கால்களும் மேற்பலகையும் சேர்ந்த செவ்வகம் எளிதில் சாயும். மூலைவிட்டமாக ஒரு சட்டம் அறைந்து முக்கோணமாக்கினால் சாயாது.

எட்டுக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றைக் கடையிலேயே நெடுக இரண்டாக அறுத்து வாங்கினாள். 19 மி.மீ. கனம், ஈரம் தாங்க வேண்டும் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. இழைகளை மாற்றி மாற்றி அடுக்கிய பலகையாதலால், தில்லியின் மழைக்கால ஈரத்துக்கும் கோடை வறட்சிக்கும் தனிமரப் பலகைபோல் வளையாது. ஒரு பாதி மேற்பரப்பு. அதன் அடியில் நெடுக இரு சட்டங்கள், மேலே சன்மைக்கா. மறுபாதியிலிருந்து கீழ்த்தட்டு. கால்களுக்குப் பழைய பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் மரம். இணைப்புகள் எல்லாம் போல்ட்டும் நட்டும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. வாடகை அறையில் வாழ்பவரின் மேசை படிக்கட்டில் இறங்கத் தெரிந்ததாய் இருக்க வேண்டுமல்லவா. எடைக்குக் கீழ்த்தட்டில் புத்தகங்கள்: கழற்றும்போது தனியே போய்விடும் எடை அது. உயரம் 88 செ.மீ.; நின்று பசை தடவினால் முதுகு வளையாத அளவு.

பட்டறை வேலைக்கெனத் தனியாக ஒரு மூடிப்பலகை. 6 மி.மீ. எம்.டி.எஃப். தகட்டின் விளிம்புகளில் கீழ்நோக்கிப் பட்டைகள் தைத்திருப்பதால், பெட்டிக்கு மூடிபோல் மேசைமேல் அமர்ந்துகொள்ளும். வெட்டும் குத்தும் அதற்கே. பசை வேலை வந்தால் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். எண்ணெய் பட்ட எதுவும் மூடிக்குக் கீழே போகாது என்பதே அம்மேசையின் ஒரே சட்டம்.

கால்சட்டத்தை அறுத்துத் தந்த தச்சர், மரம் அறுக்கும்போது தாங்குகட்டையை 'கோடீ' என்றார்; இந்தியில் பெண்குதிரை. பிரெஞ்சில் அதற்கு நெருங்கிய கருவி 'ஷெவலே', குட்டிக்குதிரை. ஓவியம் தாங்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் டச்சு மொழிக் கழுதையிலிருந்து வந்தது. நம் வீணையில் தந்திகளைத் தாங்குவதும் குதிரைதான். சுமப்பது எதுவாயினும் மனித மனம் அதற்கு நான்கு கால் விலங்கின் பெயரையே தேடுகிறது போலும்.

பசையில் அவள் வீட்டு வழக்கத்தைக் கைவிட்டாள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது; ஆனால் செம்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும். மெதில் செல்லுலோஸ் தேர்ந்தாள். சுவர்த்தாள் பசைப்பொடிகள் பலவற்றின் அடிப்படையும் அதுவே. தாள் பாதுகாப்பாளர் கையாள்வதும் அதுவே. நீர்பட்டால் மீண்டும் இளகும், ஆகவே செய்ததைப் பிரிக்கவும் இயலும்.

மேசை தீர்க்க முடியாதது மை. பாட்டனார் ஊற்றுப்பேனாவின் நீல மையால் எழுதியவர். பெரும்பாலான நீல மைகள் நீரில் கரைபவை. ஒவ்வொரு தாளிலும் ஓரத்து எழுத்தொன்றின்மேல் ஈரப் பஞ்சு நுனியை ஒற்றி, மை ஏறுகிறதா என்று பார்த்தாள். கறுப்பு மைத் தாள்கள் தேறின. அவற்றின் கிழிசல்களை இழைத்தாள் பட்டையால் ஒட்டி, உறிஞ்சுதாள்களுக்கிடையே வைத்து, தாள் சுற்றிய செங்கற்களை மேலே அடுக்கினாள். நீல மைத் தாள்கள் ஒட்டப்படவில்லை. அவற்றை ஒளிப்படம் எடுத்துத் தனித்தனி உறைகளில் இட்டு, தேர்ந்த பாதுகாப்பாளர் ஒருவரிடம் காட்டுவதற்கென மேசையின் கீழ்த்தட்டில், புத்தகங்களுக்கு மேலாக வைத்திருக்கிறாள்.