மாமாவின் 1.8 வீரா

காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தால், கைப்பேசியில் மாமாவின் மூன்று அழைப்புகள். பதறிப்போய்க் கூப்பிட்டேன். "ஒன்னும் இல்லடா. காடியக் கேட்டு ஆளு வந்திருக்கு. ஏழாயிரம் குடுக்குறேங்கிறான். நீதான் ரேடியோவுல ஊருக்கெல்லாம் யோசனை சொல்றியே, எனக்கும் வந்து ஒன்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

சனிக்கிழமை கோலாலம்பூர் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறினேன். நீலாய்க்குக் காடியிலேயே போகலாம், நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விடும். ஆனால் ரயிலில் போனால்தான் நிலையத்துக்கு மாமா தன் காடியோடு வந்து நிற்பார். அதற்காகவே ரயில்.

நீலாய் என்றால் இன்றைக்குப் பலருக்கு நினைவுக்கு வருவது நீலாய் 3-இல் திரைச்சீலையும் கம்பளமும் விற்கும் கடைகள். இல்லையென்றால் பல்கலைக்கழகங்கள். எங்கள் குடும்பத்துக்கு நீலாய் என்றால் தோட்டம். மாமா பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலைக் கொட்டகைகள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. 1998-இல் கே.எல்.ஐ.ஏ. திறந்தபோது தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மாமா, விமான நிலையப் பக்கம் சரக்கு லாரி ஓட்டப் போனார். கையில் மாதச் சம்பளம் நிலையாக நின்ற பிறகு, ஓர் ஆசிரியரிடமிருந்து இந்த வீராவைப் பழைய காடியாக வாங்கினார். எங்கள் சொந்தத்தில் முதல் காடி அதுதான்.

நிலையத்துக்கு வெளியே நின்றது. கரும்பச்சை. மேல் கூரையில் வெயில் பட்டுப் பட்டு வண்ணம் வெளுத்திருந்தது. பின்புறம் சிறிதாக ஓர் எழுத்து வரிசை: 1.8 இ.எக்ஸ்.ஐ., அதற்குப் பக்கத்தில் டி.ஓ.எச்.சி. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்த்துவிட்டு 'வீராதானே' என்று நகர்ந்துவிடுவார்கள். பத்தாவது ஆள் நின்று, முன்மூடியைத் திறக்கச் சொல்வான்.

அந்தப் பத்தாவது ஆள் எதைப் பார்க்கிறான்? 1993-இல் அறிமுகமான வீரா, மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் கட்டப்பட்ட காடி. அதே தலைமுறை லான்சரிலிருந்துதான் இவோலுஷன் வரிசையின் முதல் மூன்று காடிகளும் பிறந்தன. 1996-இல் பின்லாந்தின் டோமி மாக்கினன் உலக ரேலிப் பட்டத்தை வென்றது இவோ 3-இல். நம் தாமான்களில் ஒரு காலத்தில் வீராக்கள் எல்லாம் இவோ 3 பம்பர் மாட்டிக்கொண்டு, பின்னால் பெரிய இறக்கை வைத்துக்கொண்டு அலைந்தது வெறும் பந்தாவுக்காக மட்டும் அல்ல. இரத்த உறவு உண்மையிலேயே இருந்தது.

பெரும்பாலான வீராக்களில் 1.3, 1.5, 1.6 இயந்திரங்கள்தான். கோயிலுக்கும் கடைக்கும் போய்வர அது போதும். 1.8-இல் இருந்தது மிட்சுபிஷியின் 4ஜி93: 1,834 சி.சி., இரட்டை கேம்ஷாஃப்ட், பதினாறு வால்வு, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். ஆயிரம் கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள காடியில் அவ்வளவு சக்தி. பின்சக்கரங்களுக்கும் தனித்தனியாக இயங்கும் மல்டி லிங்க் சஸ்பென்ஷன். இந்த இயந்திரம்தான் புத்ராவிலும், 1998-இல் வந்த சத்ரியா ஜி.டி.ஐ.யிலும் இருந்தது.

இங்கேதான் வேடிக்கை. சத்ரியா ஜி.டி.ஐ.க்கு லோட்டஸ் பெயர் கிடைத்தது. புரோட்டோன் 1996-இல் அந்த ஆங்கிலேய நிறுவனத்தை வாங்கியிருந்தது. விரிந்த சக்கர வளைவு, பந்தயக் காடி போன்ற தோற்றம், எல்லாம் அதற்குத்தான். இன்றைக்கு நல்ல நிலையில் ஒரு ஜி.டி.ஐ. கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை சொல்லும்போது நமக்கு இருமல் வரும். அதே நெஞ்சு துடிக்கும் வீராவோ நான்கு கதவு, பெரிய பூட், பின்னிருக்கையில் மூன்று பேர் என்று குடும்பஸ்தனாகவே இருந்துவிட்டது. மாமாவைப் போல.

"வா, மந்தின் மலைய ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றார் மாமா. நீலாயிலிருந்து மந்தினுக்குச் சிறிது தூரம்தான். மந்தினிலிருந்து சிரம்பானுக்கு மலையேறி இறங்கும் பழைய சாலை வளைந்து வளைந்து போகும். லெக்காஸ் நெடுஞ்சாலை வந்த பிறகு அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மாமா இரண்டாவது கியருக்கு இறக்கி, வளைவின் உள்ளே காடியைச் சாய்க்காமல் அப்படியே திருப்பினார். எழுபதை நெருங்கும் மனிதர். வேக வரம்பைத் தாண்டவில்லை. தாண்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை. திசைச்சக்கரம் கைக்குச் செய்தி சொல்கிறது என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். என் புதிய காடி எனக்குச் செய்தி சொல்லும், திரையில். கோட்டை விட்டு விலகினால் கூச்சல் போடும். சாலை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லாது.

திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் தே தாரிக். அங்கேதான் விஷயத்தின் மறுபக்கம் தெரிந்தது. கேட்டு வந்தவன் காடியை ஓட்டுவதற்குக் கேட்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றி 1.5 சத்ரியாவில் ஏற்றப்போகிறானாம். மிச்சம் இரும்புக்கடைக்கு.

நியாயமாகப் பார்த்தால் இது புதிதல்ல. 1.8 வீராக்கள் குறைந்துபோனதற்கு இப்படி நெஞ்சைக் கொடுத்துவிட்டு மாண்டதும் ஒரு காரணம். இன்னொரு வழியிலும் பழைய காடிகள் போயின. 2009-இல் அரசாங்கம், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காடியை ஒப்படைத்துவிட்டுப் புதிய புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 5,000 வெள்ளி என்று அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், பதினைந்து ஆண்டு தாண்டிய வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை என்று ஒரு திட்டம் வந்து, மக்கள் எதிர்ப்பில் சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. அந்த ஆண்டோடுதான் வீராவின் தயாரிப்பும் முடிந்தது. புதிய காடி வாங்க வசதி இல்லாதவர் வீட்டில் நின்ற வீராதான் பெரும்பாலும் தப்பியது. மாமாவின் காடி தப்பியதும் அப்படித்தான்; பாதுகாக்க வேண்டும் என்று யாரும் பாதுகாக்கவில்லை.

எது கிளாசிக் ஆகிறது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. மோரிஸ் மைனர் ஒரு காலத்தில் வாத்தியாரும் கிராணியும் ஓட்டிய சாதாரணக் காடி. டட்சன் 120ஒய் எழுபதுகளில் டாக்சிக்காரர் காடி. இரண்டையும் வாங்கும்போது யாரும் பொக்கிஷம் என்று வாங்கவில்லை. எல்லாரிடமும் இருந்தது, பிறகு யாரிடமும் இல்லாமல் போனது, சிறுவயதில் அதன் பின்னிருக்கையில் தூங்கிய பிள்ளைகள் வளர்ந்து கையில் காசு வந்தது. அப்போதுதான் தேட ஆரம்பித்தார்கள். வீராவின் பின்னிருக்கையில் தூங்கியவர்களுக்கு இப்போது என் வயது. கணக்கு ஒத்துவருகிறது.

வீராவுக்கு ஒரு புகழ்க்கதையும் உண்டு. ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காடியில் உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். அந்தக் காடியின் உள்ளே இருந்தது பெரும்பாலும் மிட்சுபிஷி இவோதான் என்று குறை சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். நம் நாட்டு ஓட்டுநர் ஒருவர் நம் நாட்டுப் பெயர்ப்பலகையோடு உலகப் பட்டம் வாங்கினார். அது பதிவேட்டில் இருக்கிறது.

ஆனால் மாமாவிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்தக் காடி அவருக்கு லாபம் தராது. டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாவிட்டால் வால்வு வளைந்து இயந்திரமே போய்விடும். ரப்பர் புஷ், ரேடியேட்டர், கூலண்ட் குழாய் என்று வரிசையாக வரும். இயந்திரப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் விளக்கு உறையும்தான் கிடைப்பதில்லை, பழைய காடிகளை அதுதான் கொல்லும். சாலை வரியும் ஒரு தொல்லை. 1.5 வீராவுக்கு 90 வெள்ளி. 1,800 சி.சி.யைத் தாண்டினாலே 280 வெள்ளியில் தொடங்கி, கூடுதல் ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசு. வெறும் 34 சி.சி. கூடப்போனதால் மாமா 297 வெள்ளி கட்டுகிறார்.

வீட்டில் அத்தைக்கு வேறு கணக்கு. "ஏழாயிரத்துல சின்னவ வீட்டுக்குச் சமையலறை கட்டலாம். இவரு கண்ணுக்கு ராத்திரியில எதிர்வெளிச்சம் கூசுது, சொல்லமாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சின்னவ பொறந்தப்ப சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இதுலதான் போனேன். அன்னிக்கு மந்தின் மலையில இந்த மனுசன் ஓட்டுன ஓட்டு இருக்கே" என்று சிரித்தார். பிறகு எங்கள் வீட்டு ஆறு கல்யாணங்களில் எத்தனைக்கு இந்தக் காடிக்குப் பூ கட்டினோம் என்று எண்ணத் தொடங்கினார். ஐந்து.

நான் சொன்னது இதுதான்: இன்னும் பத்து ஆண்டில், கழற்றாத, மாற்றாத 1.8 வீரா ஒன்றைப் பார்க்கக் கூட்டம் கூடும். இப்போது விற்றால் அது காடியாக விற்பதல்ல. வைத்திருந்தால் வங்கியில் போட்ட பணம்போல் வளரும் என்றும் நினைக்க வேண்டாம். இரவில் ஓட்ட வேண்டாம். பம்பர் மாற்ற வேண்டாம். மாதம் இருமுறை மந்தின் வரை போய்வந்தால் போதும். பெல்ட்டை முதலில் மாற்றுவோம்.

மாமா எதுவும் பேசாமல் போய் முன்மூடியைத் திறந்து எண்ணெய் அளவு பார்த்தார். தலைக்கு மேல் கே.எல்.ஐ.ஏ.வுக்கு இறங்கும் விமானம் ஒன்று போனது. குச்சியைத் துடைத்துக்கொண்டே, "சாலை வரி அடுத்த மாசம் முடியுது" என்றார்.

"அத நான் கட்டுறேன் மாமா. 297 தானே."

"மூணு வெள்ளி சேத்து முந்நூறாக் குடு. தே தாரிக்குக்கு ஆவும்."