கொழுந்து வண்டிக் கணக்கு

இலக்கியம் பேசும் நண்பர்களுக்கிடையே டீசல் கணக்கைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு, டெக்சாசில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவரே காரணம். விடுமுறைகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகப் படுக்கையும் சமையலறையும் கொண்ட இழுவைப் பெட்டி ஒன்றை வாங்கித் தம்முடைய பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டியிருக்கிறார். பெட்டியைப் பூட்டிய நாளிலிருந்து வண்டி எரிபொருளைக் குடித்துத் தீர்க்கிறது என்று தொலைபேசியில் வருந்தினார். "உங்க அண்ணனும் கொழுந்து வண்டிக்கு டிரெய்லர் பூட்டித்தானே ஓட்டுறாருங்க ஐயா, அவர் என்ன பண்றாரு?" என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டோம். மழுப்ப நேர்ந்த கதை இது.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். கூடலூரிலிருந்து பாடந்தொரை, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில், தேவர்சோலையில் எங்கள் வீடு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். அவ்வாறு வந்தவர்களுக்கென 1968இல் தொடங்கப்பட்டுப் பின்னர் டேன்டீ என்று பெயர் பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா உழைத்தார். ஓய்வு பெறுமுன் ஒன்றரை ஏக்கர் தேயிலையைத் தமக்கென்று சேர்த்துக்கொண்டார். அண்ணன் அந்தத் தேயிலையையும் வண்டியையும் பார்த்துக்கொள்கிறார். தம்பி கல்லூரியில் தமிழ் நடத்திவிட்டு மாலையில் வீடு திரும்பி வரவு செலவு எழுதுகிறார். நடந்தவற்றில் இன்னார் பங்கு இவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. ஆகவே நாங்கள் என்றே எழுதுகிறோம்.

எங்கள் கொழுந்தை மட்டும் ஏற்றினால் வண்டி பாதிகூட நிறையாது. சுற்றிலுமுள்ள எட்டுச் சிறு விவசாயிகளின் கொழுந்தையும் சேர்த்து, 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறோம். பருவத்தில் ஒரு நாளைக்கு 1,200 கிலோ வரை வரும். கொழுந்து கனத்தைவிட இடத்தைத்தான் அதிகம் கேட்கும். பறித்த பின்னும் அது மூச்சு விடுகிறது, சூட்டை வெளியிடுகிறது. ஒரே நடையில் முடிக்க வேண்டுமென்று மிதித்துத் திணித்தால், மூட்டையின் நடுவே கைவிட்டுப் பார்க்கையில் வெதுவெதுவென்றிருக்கும். நசுங்கிய இலை சிவந்துபோயிருக்கும். தொழிற்சாலைக்காரர் மூட்டையைப் பிரித்ததும் முகத்தைச் சுளிப்பார். விலையில் அது தெரியும். எனவே தளர்வாகக் கட்டி, இரண்டு நடை போய்வந்தோம். இரண்டு நடைக்கு 48 கிலோமீட்டர்.

இதற்கு மாற்றாகத்தான் டிரெய்லர் வந்தது. பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் என்பது எங்கள் பக்கத்தில் அரிய காட்சி. டிராக்டருக்குத்தான் அது வழக்கம். ஆனால் ஒரு காலத்தில் எஸ்டேட்டுகளில் ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கரச் சிறு டிரெய்லர்கள் ஓடின. அப்படியொன்று ஒரு பழைய எஸ்டேட்டின் கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. அண்ணன் அதை வாங்கிப் பட்டறையில் ஒட்டவைத்து, அடித்தட்டை மாற்றி, தனியாகப் பதிவும் செய்து கொண்டுவந்தார். அதற்கென்று தனி பிரேக் கிடையாது. பழைய டிரெய்லர்களில் இருக்காது. அதைப் பற்றி அப்போது நாங்கள் யோசிக்கவும் இல்லை.

முதல் வாரக் கணக்கை நோட்டில் எழுதினோம். டிரெய்லர் இல்லாமல் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டிரெய்லரோடு 8 கொடுத்தது. அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டா? கட்டுப்படியாகாதே தம்பி" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. அந்த எண்ணைச் சிவப்பு மையால் எழுதியிருந்தோம். மாணவர்களின் விடைத்தாளில் மதிப்பெண் போட்டுப் பழகிய கை.

எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தேநீர் இடைவேளையில் இதைக் கேட்டுவிட்டு, ஒரு தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். ஒரு டன் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயந்திரத்தில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசல் வேண்டும். வண்டி, டிரெய்லர், கொழுந்து எல்லாம் சேர்ந்து எங்களுடையது மூன்றரை டன். 100 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர். எந்த ஓட்டுநராலும் இதைக் குறைக்க முடியாது. சமவெளியில் கதை வேறு என்றார். அமெரிக்க நெடுஞ்சாலையில் வீடு போன்ற பெட்டியை இழுப்பவருக்குக் காற்றே முதல் எதிரி. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், ஆகவே வேகத்தைக் குறைப்பதே அங்கே பெரிய சிக்கனம். இருபதிலும் முப்பதிலும் ஊர்கிற எங்களுக்குக் காற்று ஒரு பொருட்டில்லை. எங்களுக்கு எடையும் ஏற்றமும்தான்.

எடை என்றதும் நினைவுக்கு வந்தது நீர். 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைக்கும் தூள் ஏறத்தாழ 23 கிலோ. மீதியில் பெரும்பகுதி நீர். அது கொழுந்தோடு பிறந்தது, அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். ஆனால் தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, இலையின் மேல் ஒட்டிவரும் மழைநீர் வேறு. அதற்குத் தொழிற்சாலையில் எடை கழித்துக்கொள்கிறார்கள். டீசல் போட்டு மேட்டில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கும் தண்ணீருக்குப் பணமும் கிடையாது. அதற்குப் பிறகு மூட்டைகளைக் கொட்டகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு ஏற்றினோம். மூட்டைக்கு அடியில் தேங்கிய நீரைப் பார்த்தபோது, இத்தனை வருடமாக எதை ஏற்றிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

அடுத்து டிரெய்லரின் சக்கரங்கள். நிறுத்தியவுடன் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் பட்டறைக்காரர். ஒரு பக்கம் கை வைக்க முடியவில்லை. பேரிங் காய்ந்து கிடந்தது. அந்தச் சூடு முழுவதும் எங்கள் டீசல். கிரீஸ் வைத்து, டயரின் காற்றையும் சரிபார்த்தோம். இரண்டிலும் பாதிக் காற்றுதான் இருந்தது. பாரத்தை டிரெய்லரின் பின்புறம் ஏற்றிக்கொண்டிருந்ததும் தவறு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்த வேண்டும், இல்லையேல் பெட்டி வாலாட்டும். வாலாட்டும் பெட்டி வண்டியையும் ஆட்டும், எண்ணெயையும் குடிக்கும்.

வண்டி, பாரம் என்றால் மயிலிறகுக் குறளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எங்களுக்குப் பிடித்தது புறநானூற்றின் 102ஆம் பாடல். ஔவையார் பாடியது. பொகுட்டெழினியைப் புகழ வந்தவர், உப்பு வணிகர் தங்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைக்கும் மாற்று அச்சை அவனுக்கு உவமையாக்குகிறார். காளைகள் இளையவை, பாரமோ பெரிது, வழியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யாருக்கும் தெரியாது; அதனால்தான் அந்த முன்னேற்பாடு. வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். உவமையின் நயம், துறை, திணை எல்லாம் சொல்லியிருக்கிறோம். மேட்டைச் சொன்ன அதே மூச்சில் பள்ளத்தையும் அவர் சொன்னது ஏன் என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

ஜூலை இறுதியில் நோட்டில் 9.5 என்று வந்தது. எட்டிலிருந்து ஒன்பதரை! அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டமே போட்டுவிட்டோம். இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொல்லி, அண்ணனைப் பாராட்டி, இன்னும் முயன்றால் பத்தைத் தொட்டுவிடலாம் என்றும் சொன்னோம். அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கிரீஸும் காற்றும் வடியவிட்ட கொழுந்தும் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆகஸ்டு மாதம் ஒரு மாலை, தொழிற்சாலைக்கு முந்தைய நீண்ட இறக்கத்தில் அது நடந்தது. தூறல். சாலை வழுக்கல். வண்டி நியூட்ரலில் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு முன்னால் அண்ணன் பிரேக்கை அழுத்தியபோது பிக்கப் வேகம் குறைந்தது; பிரேக் இல்லாத டிரெய்லர் அரை டன்னுக்கும் மேற்பட்ட கொழுந்தோடு பின்னாலிருந்து தள்ளியது. வண்டியின் பின்பகுதி ஒதுங்க, டிரெய்லர் பக்கவாட்டில் வீசிச் சாலையோர மண்திட்டில் மோதிச் சாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவந்த இளைஞன் தேயிலைச் செடிகளுக்குள் தூக்கி எறியப்பட்டான். மூட்டை ஏற்றி இறக்க எங்களோடு வருபவன், இருபது வயது. காறை எலும்பு முறிந்தது. திட்டு இருந்த பக்கமாக வீசாமல் மறுபக்கம் வீசியிருந்தால் கீழே ஓடை.

மருத்துவமனையின் வராந்தாவில் அண்ணன் சொன்னார். மூன்று வாரமாக இறக்கங்களில் நியூட்ரல்தான், நேரான இறக்கமாக இருந்தால் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு இறக்கினேன் என்றார். "நீ வட்டம் போட்டு வச்சியே, பத்து வரணும்னு பார்த்தேன்" என்றார். குற்றம் சாட்டும் குரலாக அது இல்லை. அப்படி இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலையில் ஓட்டுபவர்கள் முதல் நாளே கற்பது. இருபது ஆண்டுகளாக ஓட்டும் அண்ணனுக்கு அது தெரியாதா? இயந்திரத்தை நிறுத்தினால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் ஓரிரு மிதியிலேயே தீர்ந்து மிதிகட்டை கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான், எங்கள் இருவருக்குமே. இயற்பியல் நண்பர் பிறகு விளக்கினார். கியரில் இருக்கையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதும் எடுத்தால், இறக்கத்தில் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும். டீசல் உள்ளே போவது நின்றுவிடும். நியூட்ரலிலோ இயந்திரம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள டீசல் குடித்துக்கொண்டுதான் இருக்கும். மென்மையான சரிவில் நியூட்ரலால் கொஞ்சம் மிச்சமாகலாம். பிரேக் பிடித்தே இறங்க வேண்டிய செங்குத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

குன்னூருக்குப் போகும்போதெல்லாம் மலை ரயிலைப் பார்த்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது. பல்சக்கரப் பாதையில் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவில் ஏற்றம். சுவிட்சர்லாந்தில் வடிவமைத்த அந்த நீராவி இயந்திரத்தில் ஒரு ஜோடி உருளைகளில் வேலை செய்த நீராவியே மறு ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. இந்தச் சிக்கனத்தை மெச்சிப் பேசியிருக்கிறோம். ஆனால் அதே பொறியாளர்கள் இயந்திரத்தை எங்கே வைத்தார்கள்? பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கத்தில். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் ஓடிவிடாது. பெட்டிகள் ஒவ்வொன்றிலும் பிரேக் பிடிக்க ஆள் உண்டு.

டிரெய்லரைச் செப்பனிட்டு, அதற்கும் பிரேக் வைத்தோம். வண்டியின் பிரேக்கோடு சேர்ந்து இயங்கும்படி பட்டறையில் அமைக்க ஒரு மாதம் ஆயிற்று. செலவை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. கொழுந்து விலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு கியரிலேயே ஏறி, கியரிலேயே இறங்கி, மறுபடி கணக்கு எழுதினோம். 9.2 வந்தது.

அதாவது எட்டிலிருந்து ஒன்பதரைக்கு வந்ததில் 1.2 கிலோமீட்டர் கிரீஸுக்கும் காற்றுக்கும் நீருக்கும் உரியது. நியூட்ரலின் பங்கு வெறும் 0.3. ஒரு நடைக்கு 24 கிலோமீட்டர் என்று வகுத்தால் அரைக்கால் லிட்டர்கூட இல்லை. அன்றைய விலையில் எட்டு ரூபாய்க்கும் குறைவு. இந்தக் கணக்கைப் போட்ட இரவு, அண்ணனிடம் அதைக் காட்டவில்லை. மறுநாள் அவரே நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

இப்போது நோட்டில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற பத்தி இல்லை. 100 கிலோ கொழுந்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறோம். இரண்டு நடை போனபோது வண்டி 11 கொடுத்தது, ஆனால் 100 கிலோவுக்கு 0.36 லிட்டர் செலவாயிற்று. டிரெய்லர் பூட்டி, 8 என்று அண்ணன் முகம் விழுந்த அந்த முதல் வாரத்திலேயே அது 0.25ஆகக் குறைந்திருந்தது. இப்போது 0.22. எட்டு என்பது தோல்வியே அல்ல. தவறான கேள்விக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

தொழிற்சாலை வரிசையில் நிற்கும்போதும், யானை சாலையைக் கடக்கக் காத்திருக்கும்போதும் இயந்திரத்தை அணைப்பது பற்றி எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. வரிசையில் சரி, யானைக்கு முன்னால் வேண்டாம் என்கிறார் அண்ணன். அவர் சொல்வதே சரியென்று படுகிறது.

இளைஞன் நவம்பரில் வேலைக்குத் திரும்பினான். மூட்டை தூக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்துகிறான். மூட்டைகளின் மேல் யாரையும் உட்காரவிடுவதில்லை. அவன் முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவருகிறான். இறக்கம் தொடங்குமிடத்தில், கேட்காமலே, "ரெண்டுல போடுங்கண்ணே" என்பானாம்.

டெக்சாஸ் மாணவருக்கு இந்த ஞாயிறு பேச வேண்டும். அவர் பெட்டியில் பிரேக் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, வண்டியை நிறுத்தியதும் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.