மருமக ஷிப்டும் மாட்டுக் கொட்டகையும்

நெம்மேலின்னா உங்களுக்குக் கடல்தண்ணியைக் குடிநீராக்குற ஆலைதான் ஞாபகம் வரும். 2013-ல் திறந்தது. ஈசிஆர் ஓரமா ரிசார்ட்டுங்க வந்ததும், எங்க பக்கத்துப் பெண்களுக்கு நடவு, களையெடுப்பு தவிர மாசச் சம்பள வேலையும் கிடைச்சுது.

என் மருமகளும் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் பண்ற வேலைக்குப் போகுது. போன மாசம் மேற்பார்வை வேலை தர்றோம்னு சொன்னாங்க. சம்பளம் மூவாயிரம் கூட. ஆனா நேரம் மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி பத்து. "வேணாம்னு சொல்லிடட்டுமா மாமா?"ன்னு கேட்டுது. மூணாவது படிக்கிற பேத்தியை யார் பார்க்கிறதுங்கிற கவலை.

ஒரு பெண் எந்த வேலைக்குப் போகலாம்னு முடிவு பண்றது சம்பளம் மட்டும் இல்லைங்க, அடுப்பும் பள்ளிக்கூட மணியும்தான். நூறு நாள் வேலைக்கு நம்ம மாநிலத்தில் பெண்கள்தான் அதிகம் போனாங்க. ஊருக்குள்ளயே வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அந்த 2005-ம் வருஷச் சட்டத்தில் இன்னொண்ணும் இருந்துச்சு. வேலைக்கு வர்ற பெண்களோட ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ வந்தா, பார்த்துக்க ஒரு பெண்ணை வைக்கணும். அவங்களுக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்க்கிறதும் வேலைதான்னு சட்டமே சொல்லிடுச்சு. வீட்டுலதான் இன்னும் யாரும் சொல்லலை.

2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆச்சு. 2023 ஆகஸ்டில் அரசு ஆரம்பப் பள்ளி எல்லாத்துலயும் காலை டிபன் வந்துச்சு. அதனாலதான் மருமக இத்தனை நாள் காலை ஷிப்டுக்கு ஓட முடிஞ்சுது. சாயங்காலத்துக்கு அப்படி எந்தத் திட்டமும் கிடையாது. அதை வீட்டுலதான் போட்டாகணும்.

சம்சாரத்துக்கு முட்டி வலி, அவ மேல ஏத்த முடியாது. அதனால பேத்தியைக் கூட்டி வர்றதும், ராத்திரி சோறு வடிக்கிறதும் என் பொறுப்பு. சாயங்காலம் பால் கறக்கிறது மகன். பத்து மணிக்கு மெயின் ரோட்டுல வேன் நிக்கும். பைக்கில் போய்க் கூட்டி வர்றதும் அவன்தான்.

நாலு நாள் முன்னாடி மருமக புது வேலையில் சேர்ந்துடுச்சு. சோறு ரெண்டு நாள் குழைஞ்சுது, மூணாம் நாள் பரவாயில்லை. "தாத்தா எப்ப நேரா பின்னல் போடுவீங்க?"ன்னு பேத்திதான் கேட்டுக்கிட்டு இருக்கா.

உங்க வீட்டுல சாயங்காலம் யார் பொறுப்பு?