இனிமேல் இப்படி நடக்காது

செமஸ்டர் முடிந்துவிட்டது. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது, கொஞ்சம் வெட்கமான விஷயமும் கூட.

எங்கள் டிபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு இந்த வருடம் நான்தான் பொருளாளர். பி.காம் மூன்றாம் வருடம், அக்கவுண்ட்ஸில் நல்ல மார்க் என்று தலையில் கட்டிவிட்டார்கள். விழாக் கணக்கைச் சரிபார்த்த சார், ஒன்பது வவுச்சருக்கு பில் இல்லை என்று எழுதி, பதில் கேட்டார். நான் எழுதிய பதில் இதுதான்: "தவறுக்கு வருந்துகிறோம். இனிமேல் இப்படி நடக்காது." கீழே கையெழுத்து, தேதி. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி அத்தை வாட்ஸப்பில் கூப்பிட்டார். அத்தை சிகாகோ பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அப்படி இல்லை. தானாக எழுந்து நடமாட முடியாத வயதானவர்கள் வருடக்கணக்கில் தங்கியிருக்கும் இடம்.) பெருமையாக என் பதிலைப் படித்துக் காட்டினேன். அத்தை சிரித்துவிட்டு, "இதை நாங்க எழுதி அனுப்பினா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்கடா" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டங்களிலிருந்து பணம் வாங்கும் நர்சிங் ஹோம்களுக்கு 1987-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. வருவதை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். சமையலறை, மருந்து கொடுக்கும் நேரம், கை கழுவும் பழக்கம் என்று எல்லாம் பார்ப்பார்கள். கண்ட குறைகளை 2567 என்ற எண்ணுள்ள படிவத்தில் எழுதித் தருவார்கள். இடது பக்கம் அவர்கள் கண்ட குறை. வலது பக்கம் காலியாக இருக்கும். அங்கேதான் நர்சிங் ஹோம் தன் திருத்தத் திட்டத்தை எழுத வேண்டும். படிவம் கைக்கு வந்ததிலிருந்து 10 நாள் அவகாசம். சனி, ஞாயிறும் அதில் சேர்த்தி!

ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண் உண்டு. படுக்கைப் புண் என்றால் எஃப் 686. விழுந்து அடிபடுவது போன்ற விபத்துகள் எஃப் 689. தொற்றுத் தடுப்பு எஃப் 880. எவ்வளவு கெடுதல், எவ்வளவு பேருக்கு என்று பார்த்து ஏ முதல் எல் வரை 12 கட்டங்களில் ஒன்றில் போடுவார்கள். ஏ என்றால் திட்டமே வேண்டாம். ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம்.

சரி, வலது பக்கம் என்ன எழுதுவது? அத்தை ஒரு உதாரணம் சொன்னார். ஒரு பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாலு மணி நேரமாக யாரும் திருப்பவில்லை. இடுப்பில் புண். இதற்கு ஐந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

முதலில், அந்தப் பாட்டிக்கு என்ன செய்தீர்கள்? டாக்டர் பார்த்தாரா, புண்ணை அளந்தீர்களா?

இரண்டாவது, அதே நிலையில் வேறு யார் யார் இருக்கிறார்கள்? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? "இந்தக் கேள்விதான் வயித்தைக் கலக்கும். தேடினா இன்னொருத்தர் கிடைப்பாங்க" என்றார் அத்தை.

மூன்றாவது, மறுபடி நடக்காமல் இருக்க நடைமுறையில் எதை மாற்றினீர்கள்?

நான்காவது, மாற்றியது நிலைக்கிறதா என்று எப்படிக் கண்காணிப்பீர்கள்?

ஐந்தாவது, எந்தத் தேதிக்குள்?

பல இடங்களில் திட்டத்தின் தலைப்பிலேயே "இது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது" என்று ஒரு வரி போடுவார்களாம். கோர்ட் கேஸ் பயம். குறையே தவறு என்று நினைத்தால் அதே 10 நாளுக்குள் தனியாக ஆட்சேபிக்கலாம். ஆனால் அதற்காகத் திட்டம் எழுதாமல் இருக்க முடியாது. குறை தீராமல் மூன்று மாதம் போனால் புதிதாகச் சேருபவர்களுக்கு அரசுப் பணம் கிடையாது. ஆறு மாதம் போனால் ஒப்பந்தமே போய்விடும்.

இவ்வளவு கறாராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு தடவை மூன்றாவது கேள்விக்கு அவர்தான் பதில் எழுதினாராம். எல்லோருக்கும் மறுபடி பயிற்சி, இரண்டு மணிக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட ஒரு ஷீட். திட்டம் ஏற்கப்பட்டது. சில வாரம் கழித்து ராத்திரி ஒரு மணிக்கு அந்த ஷீட்டைப் பார்த்திருக்கிறார். விடிகாலை ஐந்து மணி வரைக்கும் கையெழுத்து இருந்தது!

"அந்தப் பொண்ணைத் திட்டப் போனேன். அன்னைக்கு ரெண்டு பேர் லீவு. அவ ஒருத்தியே அத்தனை பேரையும் பார்த்துட்டு இருந்தா. ஷீட் வைக்கணும்னு எழுதினவ நான். அதுக்கு நேரம் எங்கிருந்து வரும்னு நான் எழுதலை. முதல்ல அந்தப் பாட்டியைத் திருப்பலாம் வான்னு சொன்னேன். ரெண்டு பேருமா திருப்பினோம்."

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அத்தை ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி, அது போதவில்லை என்று வருத்தப்படுகிறார். நான் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் எழுதாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் சாரிடம் என் பதிலைத் திருப்பி வாங்கினேன். ஒன்பது செலவுக்கும் கடை கடையாகப் போய்க் கேட்டதில் ஆறு பில் கிடைத்தது. இரண்டாவது கேள்விக்காக, சார் பார்க்காத பழைய வவுச்சர்களையும் எடுத்தேன். பில் இல்லாமல் இன்னும் நாலு. அதில் ஒன்று என்னுடையது. ஆட்டோ செலவு, 180 ரூபாய். யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள்.

பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் எழுதினேன். விழா வேலையாக ஓடும்போது யாராலும் பில் கேட்டு வாங்க முடிவதில்லை, அதனால் அந்த வேலையை மட்டும் பார்க்க ஒரு ஆள் என்று செகண்ட் இயர் பையன் ஒருவன் பெயரையும், அவனிடம் கேட்டுவிட்டு, எழுதினேன்.

சார் இரண்டு பக்கத்தையும் படித்தார். "இந்த நாலு நான் கேட்கலையே" என்றார். "ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

180 ரூபாயை அன்றே கட்டிவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டுதான் :)