வாசலுக்கு எந்தப் பூமரம்? லால்பாக்கில் ஒரு காலை

பெங்களூர் போகிறவர்கள் லால்பாக்கைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். கண்ணாடி மாளிகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையில் சுண்டல் தின்றுவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ வாங்கி, வீடு கட்டி, வாசலில் ஒரு பூமரம் வைக்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு அந்தத் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம். நர்சரியில் முழ உயரக் கன்றாகப் பார்க்கிற மரம் வளர்ந்து பெரிதானால் எப்படி நிற்கும் என்பதை அங்கே நேரிலேயே பார்த்துவிடலாம்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. 2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, அன்று தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் மாமனார் வைத்த மேஃபிளவர் மரம் வேரோடு சாய்ந்தது. காம்பவுண்டுச் சுவரும் தண்ணீர்க் குழாயும் போயின. பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்களோ, பிழைத்தோம்! மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம் அது. அழகுக்குக் குறைவில்லை, மே மாதம் தெருவே சிவந்து கிடக்கும். ஆனால் வேர் மேலாகவே ஓடும், கிளையும் பலமில்லை. அந்த இடம் வெகுநாள் காலியாகவே கிடந்தது.

ஒரு மார்ச் மாதக் கடைசியில் ஜெயநகரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களும் புதிதாக 30க்கு 40 மனையில் வீடு கட்டியிருந்தார்கள். "அண்ணி, வாசல்ல எதை வைக்கலாம், நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று காலை ஆறு மணிக்கே கிளப்பிவிட்டாள். அவள் மருமகளும் இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதையும் கன்றும் தருவித்து வளர்த்தார். இன்று 240 ஏக்கர். சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் அந்தக் கூட்டத்தில் மரத்தைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்கலாம். மரம் பார்க்கப் போகிறவர்கள் சாதாரண நாளில் போங்கள்.

1908ல் கிரம்பீகல் என்ற ஜெர்மானியர் இங்கே பொறுப்புக்கு வந்தார். ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொரு மரம் பூக்கத் தொடங்கும்படி மாதக் கணக்குப் பார்த்து மரங்களை நடவைத்தவர் என்று பெங்களூர்க்காரர்கள் இன்றும் அவரைச் சொல்லுகிறார்கள். நாங்கள் போனபோது ஜக்கரண்டா பூத்துத் தரையெல்லாம் ஊதாக் கம்பளம். என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் பெங்களூர் கடல்மட்டத்துக்கு 3,000 அடி மேலே இருக்கிற ஊர். நம் கடலோரப் புழுக்கத்தில் ஜக்கரண்டா வளருமே தவிர, இப்படிக் கொத்துக் கொத்தாகப் பூக்காது.

அங்கே இலவ மரம் ஒன்று இருக்கிறது. பலகை பலகையாக அதன் வேர் நிற்பதைப் பார்த்ததும் நாத்தனார் வாயடைத்துப் போனாள். தூங்குமூஞ்சி மரத்தின் குடை 80 அடிக்கு மேலும் விரியும். நம் ஒரு கிரவுண்டு என்பது பெரும்பாலும் 40க்கு 60 அடி! நாகலிங்கம் வாசனையில் மயக்கும், ஆனால் காய் பீரங்கிக் குண்டு போல. கீழே ஸ்கூட்டரும் நிறுத்த முடியாது, குழந்தையும் விளையாட முடியாது. கோயிலுக்கும் பூங்காவுக்கும் ஏற்ற மரங்கள் இவை. மரமல்லி ராத்திரி மணக்கும், ஆனால் காற்றில் சட்டென்று முறியும்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெரியவர் நல்ல தமிழ் பேசினார். "பூவைப் பார்த்து மயங்காதீங்கம்மா. அடிமரத்தையும் வேரையும் பாருங்க" என்றார். கன்று வாங்கும்போது தொட்டிக்கு அடியில் வேர் சுருண்டு சுற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டுமாம். பூத்துக் குலுங்கும் செடியைவிட நேரான தண்டுள்ள சின்னக் கன்றே தேவலை.

நாத்தனார் மருமகளுக்குத் தங்கரளி மேல் ஆசை. "தண்ணியே ஊத்தவேண்டாம் அத்தை, மஞ்சமஞ்சேள்னு பூக்கும்" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக் கொடுக்கவில்லை. அரளி வகை எல்லாமே விஷம். இலை, பூ, பால் எதுவும் விலக்கில்லை. தங்கரளிக் கொட்டை இதயத்தையே பாதிக்கும். தவழுகிற குழந்தை எதை எடுத்தாலும் வாயில்தானே போடும்? சாமிக்குப் பூ வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தப்பித்தவறிக் குழந்தை வாயில் போட்டுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று நேரம் கடத்தாமல், மென்ற துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கு மந்தாரையும் செம்பருத்தியும், சுவரோரம் நந்தியாவட்டையும், மாடியில் வெயில் படும் இடத்தில் காகிதப்பூவும் என்று முடிவாயிற்று. காகிதப்பூவுக்குத் தண்ணீர் அதிகம் விட்டால் இலைதான் தழைக்கும். காய்ந்து வாட ஆரம்பிக்கும்போது விட்டால் போதும், நிறம் அள்ளும்.

தாம்பரத்துக்குத் திரும்பிய நான் ஆடி மாதம் வரை காத்திருந்து குழி வெட்டினேன். சென்னையில் ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிடவேண்டும். மூன்றடிக் குழி, செம்மண், மக்கிய சாண எரு, அவ்வளவுதான். பழைய மேஃபிளவர் இருந்த மூலையில், சுவரிலிருந்து 12 அடி தள்ளி, ஒரு சரக்கொன்றை. சித்திரை வைகாசிக்கு அது. வாசலின் வலப்பக்கம் மகிழம். நிதானமாகத்தான் வளரும், மரம் உறுதி, பூ காய்ந்த பிறகும் மணக்கும். ஆவணியிலிருந்து மார்கழி வரைக்குப் பவழமல்லி, சமையலறை ஜன்னலுக்கு எதிரே. பூ விடியற்காலையில் தானாக உதிர்ந்துவிடும். ராத்திரி படுக்குமுன் அடியில் ஒரு பழைய வெள்ளை வேஷ்டியை விரித்து வையுங்கள். மண் ஒட்டாமல் அப்படியே பூஜைக்கு அள்ளிக்கொள்ளலாம்.