பாட்டுக் கேட்க ஒரு ஓ.ரி.பி

எங்கள் வீட்டில் இப்போது ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஐந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் இருக்க வேண்டும். ரவுட்டர் வேலை செய்ய வேண்டும். டேட்டா முடியாமல் இருக்க வேண்டும். அந்தச் செயலி உள்ள போனோடு யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். கடைசியாக, ரொறன்ரோவில் இருக்கிற மாமா அந்த நேரம் பாட்டுக் கேட்காமல் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனை பகிடி இல்லை. அந்த ஸ்பீக்கரை மாமாதான் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். பெட்டியை உடைத்துச் செயலியை இறக்கினால், எந்த நாடு என்று கேட்டது. பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே மாமாவின் பெயரில், மாமாவின் கனடா விலாசத்தில் கணக்குத் திறந்தோம். பாட்டு வருகிற சேவையும் மாதாமாதம் அவர் காசு கட்டுகிற சேவைதான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாட்டுப் போகும். பனிக்காலத்தில் இணுவிலில் பின்னேரம் ஐந்தரை என்றால் அங்கே காலை ஏழு மணி. மாமா காரில் ஏறி இளையராஜாவைப் போட, இங்கே அம்மம்மாவின் சீர்காழி பாதியில் நின்றுவிடுவார்.

"ஏன் பிள்ளை, சீர்காழி ஏன் நிண்டவர்?"

"மாமா வேலைக்கு வெளிக்கிட்டிட்டார் அம்மம்மா."

கொஞ்ச நாளில் அம்மம்மா இதற்குப் பழகிவிட்டார். ஐந்தரைக்குப் பிறகும் பாட்டு நிற்காவிட்டால், "இண்டைக்கு அவன் லீவு போல" என்பார். இரண்டு நாள் தொடர்ந்து நிற்காவிட்டால், "அவனுக்கு ஏதும் சுகமில்லையோ, ஒருக்கா எடுத்துக் கேளுங்கோ" என்பார். இந்த ஸ்பீக்கர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். அதற்காகவா இவ்வளவு விலை கொடுத்து வாங்கினார் என்று மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை.

இடையிடையே அது தன்பாட்டில் அப்டேட் ஆகும். அப்டேட் ஆனால் எங்களை வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போக ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். அது மாமாவின் போனுக்குப் போகும். மாமா நித்திரையில் இருப்பார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சர் சொன்னது ஞாபகம் இருக்கும். கரண்ட் வந்தது, ரவுட்டரும் எழும்பியது. ஸ்பீக்கர் மட்டும் வைஃபையை மறந்துவிட்டது. ஒரு குரங்குக்கும் ஆறு இலக்கத்துக்கும் நடுவில் அம்மம்மா இரண்டு நாள் பாட்டில்லாமல் இருந்தார்.

இது எங்கள் வீட்டின் தலைவிதி மட்டும் இல்லை. 2025 மார்ச்சில் உலகம் முழுக்கப் பல வீடுகளில் கூகிளின் பழைய குரோம்காஸ்ட்களும் குரோம்காஸ்ட் ஓடியோக்களும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. உள்ளே எதுவும் பழுதாகவில்லை. அந்தக் கருவிகளை நம்பலாம் என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கூகிள் சில நாட்களில் திருத்திக்கொடுத்தது. சோனோஸ் 2024 மே மாதம் புதிய செயலி ஒன்றை விட்டபோது, அலாரம் வைப்பது போன்ற சாதாரண வசதிகள்கூடக் காணாமல் போய்ப் பெரிய சண்டையானது. 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஸ்பொட்டிஃபை காருக்கென்று விற்ற 'கார் திங்' என்ற கருவியை 2024 டிசம்பர் 9ஆம் திகதி அந்தக் கொம்பனியே நிறுத்தியது. பற்றுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்தது. ஆனால் கையில் இருந்த நல்ல சாமான் குப்பையாகிவிட்டது.

காரணம் ஒன்றுதான். மேசையில் இருப்பது வெறும் வாய். மூளை எங்கேயோ தொலைவில் இருக்கிற சேவரில் இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்குவது வாயை. மூளை எப்போதும் அவர்களுடையது.

இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் டைனமோக் கதை வந்தது.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கியபோது அம்மாவுக்கு 13 வயது. யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை. அரசாங்கம் வடக்குக்குத் தடைசெய்த பொருட்களில் பற்றறியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. இரவில் பிபிசி தமிழோசை கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். சைக்கிள் டைனமோவில் வருவது சுமார் 6 வோல்ட், அதுவும் ஏசி மின்சாரம். றேடியோவுக்கு டீசி வேண்டும். அதனால் நடுவில் டயோடும் கப்பாசிற்றரும் வைத்துக் கட்டுவார்கள். இந்த வேலை தெரிந்த பெடியன் ஒழுங்கைக்கு ஒருவனாவது இருப்பானாம். செய்தி முடிந்தால் கசெற். சுற்றுகிற கை களைத்தால் பாட்டு இழுபடும். எஸ். ஜானகி மெல்ல மெல்ல ஆம்பிளைக் குரலாகிவிடுவாராம்.

நான் உடனே தத்துவம் கதைக்க வெளிக்கிட்டேன். பாருங்கோ அம்மா, ஒரு கொம்பனியிடமும் அனுமதி கேட்காமல் நீங்களே கரண்ட் எடுத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறீங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

அம்மா சிரிக்கவில்லை. "அனுமதி இல்லாமல்தானே சைக்கிள் சுத்தினாங்கள். பற்றறி கொண்டுவர விட்டிருந்தால் ஆர் சுத்துறது? கை நொந்தது எனக்கு. நீ கதை எழுது."

அம்மா சொல்வது சரி. அந்தக் காலத்தை அழகாக்கிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தச் சைக்கிளில் ஏறியது அரிசிதான், கசெற் இல்லை. ஸ்ட்ரீமிங்கைத் திட்டவும் நான் வரவில்லை. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த பிறகு போனில் நான் கேட்ட பாட்டுகள், அம்மா காலத்து எந்த றெக்கோடிங் பாரிலும் கிடைத்திருக்காது. அவர்கள் கொப்பியில் பட்டியல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, 90 நிமிடக் கசெற் ஒன்றில் இருபது பாட்டு வாங்கி வருவார்கள். அந்த இருபதையும் வருடக்கணக்கில் கேட்பார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அம்மம்மாவுக்கு 77 வயது. கண் பார்வை குறைந்துவிட்டது. அவரிடம் ஒரு பழைய றேடியோ இருந்தது. இரண்டு குமிழ், ஒன்று சத்தத்துக்கு, மற்றது நிலையம் பிடிக்க. நிலையம் வருகிற இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டியிருப்பார். விரலால் தடவிப் பார்த்துத் திருப்புவார். விடிய நாலரைக்கு எழும்பி, ஒருவரையும் எழுப்பாமல், தானே போட்டுத் தானே கேட்பார். றேடியோ பழுதாகி, ரவுணில் கொண்டுபோய்க் கொடுத்தும் சாமான் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்த ஸ்பீக்கர் வந்தது. வாயால் சொன்னாலே போடும் என்றார் மாமா. அதற்குத் தமிழ் விளங்காது. அம்மம்மா இரண்டு மூன்று தரம் அதோடு கதைத்துப் பார்த்தார். அது இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டது. பிறகு அவர் அதோடு கதைக்கவில்லை.

இப்போது அவர் எங்களைத்தான் கேட்க வேண்டும். "பிள்ளை, நேரம் இருந்தால் ஒரு பாட்டுப் போட்டுவிடுறியே?" என்னிடம் ஒருநாளும் எதற்கும் நேரம் இருக்கிறதா என்று கேட்காத மனுசி அவர். நான் கம்பஸ் போனால், அம்மா வேலைக்குப் போனால், வீடு சத்தமில்லாமல் கிடக்கும். கோடிக்கணக்கான பாட்டு உள்ள பெட்டிக்குப் பக்கத்தில் அவர் சும்மா இருப்பார். நவீன கருவி என்று சொல்லி நாங்கள் அவரிடமிருந்து எடுத்தது ஒரு குமிழை மட்டும் இல்லை. ஒருவரையும் கேட்காமல் பாட்டுப் போடுகிற சுதந்திரத்தையும்தான்.

போன மாதம் ரவுணில் ஒரு சின்ன எஃப்எம் பெட்டி வாங்கினேன். மெமரி கார்ட்டும் போடலாம், யூஎஸ்பியில் சார்ஜ் பண்ணலாம், கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் நிற்கும். 32 ஜீபி கார்ட்டில் சாதாரண எம்பி3 ஆறாயிரத்துக்கு மேல் பிடிக்கும். நான் போட்டது முந்நூறு. கசெற் பிளேயரிலிருந்து லப்டொப்புக்கு வயர் கொழுவி, கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கசெற் இரண்டையும் அதற்குள் ஏற்றினேன். அந்த இரண்டும் எந்த ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. பொத்தான்களில் வேண்டியதை மட்டும் விட்டு மற்றவற்றை ரேப்பால் மூடினேன். நிலையம் மாற்றுகிற பொத்தானில் பிளாஸ்ரர் ஒட்டினேன்.

உங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டிலிருந்து இப்படி ஒரு பெட்டி வரக்கூடும். வருமுன்னர் அனுப்புகிறவரிடம் கேளுங்கள்: நெற் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்? வீட்டில் மூத்த ஆள் தனியே நிற்கிறபோது அவரால் இதைப் போட ஏலுமா? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், காசாக அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மம்மா முதல்நாள் நாதஸ்வரம் முழுக்கக் கேட்டார். அடுத்தநாள் விடிய, எழும்பாமல் படுத்திருந்த எனக்கு, பாட்டு நின்று ஒரு கரகரப்பும் பிறகு ஒரு அறிவிப்பாளரின் குரலும் கேட்டது. மரண அறிவித்தல். ஊர், பெயர், பிள்ளைகள் இருக்கிற நாடுகள், கிரியை நேரம். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, தெரிந்த பெயர் ஏதும் வருகிறதா என்று தனியே கேட்டுக்கொண்டிருந்தார்.